லண்டன்–சிட்னி: நடுவில் இறங்குவோர் கவனத்துக்கு

லண்டனிலிருந்து சிட்னிக்கு எவ்வளவு தூரம்? பூகோள உருண்டையில் இரண்டு ஊரையும் நூல் பிடித்துப் பார்த்தால் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். அந்த நூல் வட ஜெர்மனியைத் தொட்டு, பால்டிக் கடலைத் தாண்டி, ரஷ்யா, கஜகஸ்தான், சீனா என்று இறங்கி, பிலிப்பைன்ஸ் ஓரமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேரும். சரிபாதி தூரம் எங்கே வருகிறதென்று கணக்குப் போட்டால் சீனாவின் சிச்சுவான் மாகாணம்.

ஆனால் விமானம் வந்த பிறகும் நெடுங்காலம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கெய்ரோ, பாஸ்ரா, கராச்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் என்று ஊர் ஊராகச் சுற்றினார்கள். காரணம் எளிது. பெட்ரோல் கிடைக்கும் இடமே வழி. அந்தக் காலத்தில் ஆங்கிலேயனுக்குப் பெட்ரோல், படுக்கை, தேநீர், சலாம் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமானால் அங்கே யூனியன் ஜாக் பறந்தாக வேண்டும். ஆக, இந்த வழியைப் போட்டது புவியியல் அல்ல. சாம்ராஜ்யம் போட்ட மாட்டுவண்டித் தடத்தில்தான் பின்னால் வந்த விமானமும் போயிற்று.

வழியில் எத்தனை இடத்தில் இறங்க வேண்டியிருந்தது என்பதே இந்தக் கதை. ஒவ்வொரு தலைமுறையும் இரண்டொரு ஊரைக் கழித்துவிட்டு மார்தட்டிக்கொண்டது.

முதல் கோஷ்டி 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கிளம்பியது. பதினோரு கப்பல், சுமார் 1,400 பேர். பாதிக்கு மேல் கைதிகள். பயங்கரவாதிகள் என்று பயப்பட வேண்டாம். பாலாடைக்கட்டி திருடிய எழுபது வயதுக் கிழவி அதில் இருந்தார். அதுவரை இந்த மாதிரி ஆட்களை பிரிட்டன் அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தபோது ஜோசப் பேங்க்ஸ் என்ற தாவரவியல் பிரபு, ‘பாட்டனி பே அருமையான இடம்’ என்று சிபாரிசு செய்தார். கேப்டன் குக்கோடு 1770ல் போய் அங்கே அவர் தங்கியிருந்தது சுமார் ஒரு வாரம். ஒரு வாரம் போய் வந்தவர்தான் ஒரு நாட்டைப் பற்றி உறுதியாகப் பேசுவார். ஒரு வருடம் இருந்தவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கப்பல்கள் டெனெரிஃப் தீவு, ரியோ டி ஜெனீரோ, கேப்டவுன் வழியாகப் போயின. ஆஸ்திரேலியாவுக்குப் பிரேசில் வழியா என்று கேட்கக் கூடாது. பாய்மரக் கப்பலில் காற்றுதான் ஓட்டுநர், மாலுமி வெறும் நடத்துநர். எட்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் நடுவில் நிறுத்தம் மூன்றே மூன்று. இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். ஏனென்றால் வாராவாரம் போகும் விமானம் இந்த மூன்றை எட்டிப் பிடிக்க ஜம்போ ஜெட் வரவேண்டியிருந்தது.

1788 ஜனவரியில் போய் இறங்கினால், பேங்க்ஸ் சொன்ன சொர்க்கத்தில் மணலும் சேறும்தான் இருந்தன. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துவந்த மக்கள் கரையில் நின்று கையை ஆட்டிக் கத்தினார்கள். வரவேற்கவில்லை என்பது எந்த மொழிக்காரனுக்கும் புரியும். புரியாத மாதிரி இருந்துகொண்டார்கள். கவர்னர் ஆர்தர் பிலிப் வேறு இடம் தேடிப் பிடித்து, மூட்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், ஜனவரி 24 அன்று, தொடுவானத்தில் இரண்டு கப்பல்கள் தெரிந்தன. பிரெஞ்சுக்காரர்கள். லா பெரூஸ் என்ற மாலுமி உலகைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர். உலகத்தின் கடைக்கோடிக்கு எட்டு மாதம் உயிரைக் கொடுத்து வந்து சேர்ந்தால், அதே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரனும் வந்து நிற்கிறான். இரு தரப்பும் மிகுந்த மரியாதையோடு பழகிக்கொண்டதாகத்தான் பதிவுகள் சொல்கின்றன. லா பெரூஸ் தன் குறிப்புகளையும் கடிதங்களையும் ஆங்கிலேயரிடம் கொடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. அவர் போய்ச் சேரவில்லை.

ஜனவரி 26ல் சிட்னி கோவ் என்ற இடத்தில் கொடியை நட்டார்கள். அதன்பின் லண்டனிலிருந்து ஒரு வரி தகவல் இல்லை. ஒரு மாதமா, இரண்டு மாதமா? இரண்டரை வருடம்! உணவு ஏற்றிவந்த ‘கார்டியன்’ கப்பல் 1789 டிசம்பரில் தெற்குக் கடலில் பனிப்பாறையில் போய் முட்டிக்கொண்டது. 1790 ஜூனில் ‘லேடி ஜூலியானா’ வந்தது. கோதுமையை எதிர்பார்த்துப் பட்டினி கிடந்தவர்களுக்கு இருநூறுக்கு மேற்பட்ட பெண் கைதிகளை இறக்கியது. கூடவே தபால் மூட்டை. அதைப் பிரித்தால், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்தது, பிறகு தெளிந்தது, பிரான்ஸில் புரட்சி வெடித்தது எல்லாம் ஒரே மூச்சில் தெரிந்தன. மன்னர் பைத்தியமாக இருந்த காலம் முழுக்க அவர் பெயரால் காலனியில் ஆட்சி நடந்திருக்கிறது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குணமடைந்ததற்கு மட்டும் நன்றி வழிபாடு நடத்தினார்கள்.

அடுத்த நூற்று முப்பது ஆண்டில் பாய்மரம் வேகம் பிடித்தது, நீராவி வந்தது, 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது, எட்டு மாதம் ஐந்தாறு வாரமாயிற்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. 1919க்கு வருவோம்.

முதல் உலகப்போர் முடிந்திருந்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் ஒரு பரிசு அறிவித்தார்: பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாளில் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்குப் பத்தாயிரம் பவுன். போரில் பறக்கக் கற்ற இளைஞர்கள் ஐரோப்பாவில் வேலையில்லாமல் நின்றார்கள். அவர்களை ஊருக்கு அழைத்துவர எத்தனையோ கப்பல்கள் இருந்தன. கப்பலில் போனால் பரிசு கிடையாது.

ஆறு விமானங்கள் களத்தில் இறங்கின. நான்கு இளைஞர்கள் உயிரிழந்தார்கள்: இருவர் லண்டனை விட்டு எழும்பிய சில நிமிடங்களில், இருவர் கோர்ஃபு தீவுக்கு அருகே கடலில். அதில் வேடிக்கை எதுவும் இல்லை. மற்றவர்கள் கதை வேறு. ‘வாலபி’ என்ற விமானத்தில் வந்த இருவரை யூகோஸ்லாவியாவில் போல்ஷெவிக் ஒற்றர்கள் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அங்கிருந்து மீண்டு, மாதக்கணக்கில் நொண்டி நொண்டி வந்து, பாலித் தீவில் ஒரு வாழைத்தோட்டத்தில் விழுந்தார்கள். ‘கங்காரு’ என்ற இன்னொரு விமானம் கிரீட் தீவில் இயந்திரம் பழுதாகித் தரையில் இறங்கி, ஓடி, ஒரு மனநல மருத்துவமனையின் வேலியில் முட்டி நின்றது. சரியான வாசலில்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

ஜெயித்தது ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களும் பென்னட், ஷியர்ஸ் என்ற இரு மெக்கானிக்குகளும். வண்டி, குண்டுபோடுவதற்காகச் செய்த விக்கர்ஸ் விமி. அதன் பதிவெண் ஜி-இ-ஏ-ஓ-யு. ஐந்து எழுத்தையும் விரித்து, ‘எங்கள் எல்லாரையும் கடவுள்தான் காப்பாற்றணும்’ என்று அவர்களே பொருள் சொல்லிக்கொண்டார்கள். நவம்பர் 12 காலை, ஹவுன்ஸ்லோ. வானிலை அறிக்கை வந்தது: ‘ஐந்தாம் தரம், எந்தப் பறத்தலுக்கும் லாயக்கில்லை.’ கிளம்பிவிட்டார்கள். விமானிக்கு மேல் கூரை கிடையாது. பிரான்ஸுக்கு மேலே போகும்போது கொண்டுபோன சாண்ட்விச் உறைந்து கல்லாகிவிட்டது.

இனி அவர்கள் வழியைப் பாருங்கள்: லியோன், பீசா, ரோம், டரன்டோ, கிரீட், கெய்ரோ, டமாஸ்கஸ், ரமாதி, பாஸ்ரா, பந்தர் அப்பாஸ், கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, அக்யாப், ரங்கூன், சிங்கோரா, சிங்கப்பூர், ஜாவா, பீமா, திமோர். இரவு பறக்க முடியாது. அதனால் பொழுது சாய்ந்தால் இறங்க வேண்டும். இறங்க விமான நிலையம் கிடையாது; அதனால் குதிரைப் பந்தயத் திடல்தான். இந்த உலகத்தில் விமானப் போக்குவரத்தை வளர்த்தது ரைட் சகோதரர்களா, ரேஸ் கிளப்களா என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். கல்கத்தா ரேஸ் மைதானத்தில் கூட்டம் அலைமோத, எழும்பும் நேரத்தில் ஒரு பருந்து சுழலியில் வந்து மோதியது. ரமாதியில் புயல் அடித்த இரவு முழுக்க, இந்தியக் குதிரைப்படை வீரர்கள் விமானத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இல்லை. சிங்கோராவில், மரத்தை வெட்டிய மைதானத்தில் அடிக்கட்டைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதன் நடுவே இறங்கி வாலை உடைத்துக்கொண்டார்கள்.

சுரபயாவில் இறங்கியதும் சக்கரம் சேற்றில் புதைந்தது. அந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டு மூங்கில் பாய்களை எல்லாம் பிரித்துக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று சேர்த்து விரித்து, நீளமாக ஒரு பாதை போட்டுக் கொடுத்தார்கள். அதன்மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. இருபதாம் நூற்றாண்டின் மகத்தான விமானச் சாதனை, சுரபயாக்காரர்கள் இரவு எதன்மேல் படுத்தார்கள் என்ற கேள்வியைக் கேட்காமலேயே முன்னேறிச் சென்றது.

டிசம்பர் 10 அன்று டார்வின். 27 நாள், 20 மணி நேரம். கூட்டம் ஓடிவந்தது. அதற்கு முன்னால் ஓடிவந்தவர்கள் இரண்டு அதிகாரிகள்: ஒருவர் சுகாதாரம், ஒருவர் சுங்கம். பரிசோதித்தாக வேண்டும் என்று நின்றார்கள். பறந்து வந்த முதல் பயணிகளையே வரிசையில் நிறுத்திய பெருமை ஆஸ்திரேலியாவுடையது. அந்தப் பாரம்பரியம் இன்றுவரை காப்பாற்றப்படுகிறது.

சிட்னிக்கு எப்போது போனார்கள் என்று கேட்டீர்களா? அங்கேதான் கூத்து. டார்வினிலிருந்து சிட்னிக்கு, அதாவது சொந்த நாட்டுக்குள், அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சுழலி பிளந்தது, இயந்திரம் உடைந்தது, ரயில்வே பட்டறைக்கு அனுப்பி ஒக்கிடக் காத்திருந்தார்கள். 1920 பிப்ரவரி 14ல்தான் சிட்னி. பாதி உலகத்தை 28 நாளில் கடந்தவர்களை மீதி ஆஸ்திரேலியா கட்டிப்போட்டுவிட்டது. பத்தாயிரம் பவுனை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சர் பட்டம் மட்டும் சகோதரர்கள் இருவருக்குத்தான். பட்டத்தை நான்காகப் பிரிக்க பக்கிங்ஹாம் அரண்மனையில் வழி இல்லைபோலும்.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்கள் அல்ல. ரே பாரர், ஜான் மக்கின்டாஷ் என்ற இருவர். போட்டி முடிந்து, பரிசு அறிவித்து, ஊரே கைதட்டி ஓய்ந்த பிறகு, 1920 ஜனவரி 8 அன்று லண்டனில் நிதானமாகக் கிளம்பினார்கள். விமானம் போரில் கழித்துக்கட்டிய பழைய டி.எச்.9. காசு கொடுத்தவர் பீட்டர் டாசன் என்ற விஸ்கி வியாபாரி. அவர் பெயரின் முதலெழுத்துகளை விமானத்தில் எழுதிக்கொண்டார்கள். பிரதமர் ஹியூஸிடம் சேர்க்கச் சொல்லி ஒரு விஸ்கி பாட்டிலையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு இறங்கிய இடமெல்லாம் ஏதோ ஒன்று உடைந்தது. உடைந்ததை ஒட்டினார்கள். ஒட்டியது உடைந்தது. கல்கத்தா வரும்போது கையில் காசு இல்லை. வானத்திலிருந்து விளம்பர நோட்டீஸ் தூவிச் சம்பாதித்தார்கள். மோல்மேனில் நொறுங்கி வாரக்கணக்கில் கிடந்தார்கள். ஆகஸ்ட் 2ல் டார்வினில் இறங்கியபோது டாங்கியில் பெட்ரோல் வற்றி இயந்திரம் தானாகவே நின்றுவிட்டது. மொத்தம் 206 நாள். முதல் கைதிக் கப்பல்களைவிட ஒன்றரை மாதம்தான் முந்தினார்கள்.

விஸ்கி பாட்டில் பத்திரமாக ஹியூஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இறக்கையை உடைத்தார்கள், சக்கரத்தை உடைத்தார்கள், சுழலியை உடைத்தார்கள், பாட்டிலை உடைக்கவில்லை, திறக்கவும் இல்லை. 206 நாள்! ஸ்மித்களுக்குச் சர் பட்டம் கொடுத்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

இந்தப் போட்டியில் கலந்துகொள்ள ஆசைப்பட்டு, பணம் தருவதாகச் சொன்ன செல்வந்தர் இறந்துபோனதால் நின்றுபோன இருவரும் உண்டு. ஹட்சன் ஃபிஷ், பால் மக்கின்னஸ். ‘பறக்கத்தான் முடியவில்லை, பறந்து வருகிறவர்கள் இறங்க இடமாவது பார்த்துக் கொடுங்கள்’ என்கிற மாதிரி ஒரு வேலை கொடுத்து, ஒரு ஃபோர்டு காரில் வட ஆஸ்திரேலியப் பொட்டல் வெளிக்கு அனுப்பினார்கள். பாதையே இல்லாத காட்டில் காரைத் தள்ளிக்கொண்டு போன அனுபவத்தில், இந்த ஊருக்குக் கார் சரிப்படாது, விமானம்தான் வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. 1920 நவம்பரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் குவான்டாஸ்.

1928ல் பெர்ட் ஹிங்க்லர் தனியாளாகப் பதினைந்தரை நாளில் வந்தார். அவர் வழிகாட்டி டைம்ஸ் அட்லஸ். பள்ளிக்கூடத்துப் பையன் பையில் இருக்கும் ஜாதி. 1930ல் ஏமி ஜான்சன். வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண். அதற்கு முன் அவர் போன மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து தன் சொந்த ஊர் ஹல் வரை. அடுத்தது ஆஸ்திரேலியா. நடுவில் சின்னதாக எதையாவது முயன்று பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. குராய்டனில் வழியனுப்ப அப்பாவும் சில பேரும்தான். ஜான்சியில் ராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கி, ஓடி, பாசறைக் கட்டடத்தில் போய் நின்றார். ரங்கூனில் ரேஸ் மைதானம் என்று நினைத்து இன்செய்ன் என்ற இடத்தில் கால்பந்துத் திடலில் இறங்கி, பள்ளத்தில் விழுந்தார். இறக்கைத் துணி கிழிந்துவிட்டது. போர்க்காலத்தில் மிஞ்சிய விமானத் துணியை வாங்கி அந்த ஊரில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து மறுபடி இறக்கைக்குத் தைத்தார்கள். ஜாவாவில் மூங்கில் முளை குத்திய ஓட்டைகளைக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போட்டு மூடினார்கள். பத்தொன்பதரை நாளில் டார்வின். ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்கவில்லை; உலகம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, ஏமியின் பெயரைப் பாடிக்கொண்டிருந்தது.

1934ல் மிட்டாய் முதலாளி மக்ஃபெர்சன் ராபர்ட்சன் மெல்பர்னின் நூற்றாண்டு விழாவுக்காக இன்னொரு பந்தயம் வைத்தார். ஸ்காட், கேம்ப்பெல் பிளாக் இருவரும் 71 மணி நேரத்தில் மெல்பர்னில் இருந்தார்கள். ஆனால் கூட்டத்தை அசத்தியது இரண்டாவதாக வந்த டச்சுக்காரர்களின் ‘ஓய்ஃபர்’. அது பயணிகளை ஏற்றிய சாதாரண விமானம். கடைசிக் கட்டத்தில் புயலில் வழி தவறி, நள்ளிரவில் ஆல்பரி என்ற சிற்றூருக்கு மேலே வட்டமிட்டது. ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளை எல்லாம் அணைத்து, ஏற்றி, மோர்ஸ் எழுத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். வானொலி அறிவிப்பாளர், கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ரேஸ் மைதானத்துக்கு வாருங்கள் என்றார். பார்த்தீர்களா, மறுபடி ரேஸ் மைதானம்! கார் விளக்குகளின் வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. உடனே சேற்றில் புதைந்தது. காலையில் ஊரே கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தது. அப்படியும் இரண்டாம் இடம்.

1935 ஏப்ரலில் காசு கொடுத்தால் யாரும் போகலாம் என்றாயிற்று. இம்பீரியல் ஏர்வேஸும் குவான்டாஸும் கைகோத்து லண்டன்–பிரிஸ்பேன். பன்னிரண்டரை நாள், கட்டணம் 195 பவுன். ‘லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில்’ என்று விளம்பரம். பாரிஸ் வரை விமானம் சரி. பாரிஸில் இறக்கி ரயிலில் ஏற்றிவிடுவார்கள்! இத்தாலி தன் தலைக்கு மேலே போக அனுமதி தரவில்லை. பிரிண்டிசி துறைமுகம் வரை ரயில். பிறகு மறுபடி வானம். ஷார்ஜாவில் பாலைவனத்தின் நடுவே ஒரு கோட்டைக்குள் இரவு தங்கல். காலையில் கிளம்பி க்வாடர், கராச்சி, ஜோத்பூர், டெல்லி, கான்பூர் என்று ஒவ்வொன்றாக இறங்கி ஏறினார்கள். அந்தப் பயணி சிட்னிக்குப் போனாரோ இல்லையோ, இம்பீரியல் ஹோட்டல் நிர்வாகத்தில் நிபுணராகியிருப்பார். 1938ல் பறக்கும் படகுகள் வந்தன. ராஜஸ்தானின் ராஜசமந்த் ஏரியில் சளக்கென்று இறங்குவது, அடுத்து குவாலியர் பக்கம் ஓர் ஏரி, அடுத்து கல்கத்தாவில் ஹூக்ளி. உள்ளே உலாவ இடம் இருந்தது, புகைபிடிக்கத் தனி அறையும் உண்டு. மேலே ஆயிரக்கணக்கான லிட்டர் பெட்ரோல், கீழே சுருட்டு. அந்தத் தலைமுறைக்குத் துணிச்சல் அதிகம்.

பத்து நாள் என்ற அளவுக்கு வந்த நேரத்தில் போர். 1942ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, வழி அறுந்தது. தபால் போக வேண்டுமே! பெர்த்திலிருந்து நேராக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி இலங்கைக்குப் பறந்துவிடலாம் என்று யாருக்கோ தோன்றியது. இடையில் 5,600 கிலோமீட்டருக்கு மேல் வெறும் தண்ணீர். அதிலும் கொஞ்ச தூரம் ஜப்பானிய விமானங்கள் சுற்றும் தண்ணீர். இறங்கும் இடம் காலி மாவட்டத்தின் கொக்கல வாவி. ஊரை உண்மையிலேயே காலி செய்துவிட்டுத்தான் ஆங்கிலேயர் அங்கே விமானத் தளம் போட்டார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவருடைய வீடு மட்டும் அதிகாரிகள் தங்க வசதியாக இருந்ததால் இடிபடாமல் தப்பியது.

1943 முதல் 1945 வரை கேட்டலினா என்ற பறக்கும் படகுகள் அந்த வழியில் போய்வந்தன. எரிபொருள் போக மிச்சம் இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். எதிரி கேட்டுவிடுவானென்று ரேடியோவைத் தொடக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் ஓட்டணும். விமானங்களுக்கே ரீஜல், ஸ்பிகா, ஆல்டேர் என்று நட்சத்திரங்களின் பெயர். பயண நேரம் 27 முதல் 33 மணி. வழியில் இரண்டு முறை சூரியன் உதிக்கும். இறங்கியதும் ஒவ்வொரு பயணிக்கும் ‘இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரகசியத்துக்குச் சான்றிதழ் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்ன ரகசியமோ! கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். 271 முறை அந்தக் கடலைத் தாண்டினார்கள். ஒரு விபத்துகூட இல்லை. இந்தக் கதையில் நான் தொப்பியைக் கழற்றும் இடம் இது ஒன்றுதான்.

போர் முடிந்து 1947 டிசம்பர் 1 அன்று குவான்டாஸின் கான்ஸ்டலேஷன் சிட்னியில் கிளம்பியது. பயணிகள் 29, ஊழியர்கள் 11. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி. நான்கு நாள். ‘கங்காரு வழி’ என்று பெயர் சூட்டினார்கள்; தாவித் தாவிப் போனதால் பொருத்தமாகத்தான் இருந்தது. போய்வரக் கட்டணம் 585 பவுன். சாதாரண ஆஸ்திரேலியத் தொழிலாளியின் வாரச் சம்பளம் ஏழு பவுன் அளவில் இருந்த காலம் அது. ஒன்றரை வருடம் சாப்பிடாமல் உழைத்தால் நான்கு நாளில் லண்டன். நான்கு நாள் பயணம் என்று விளம்பரம் செய்தவர்கள் அந்த ஒன்றரை வருடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு ஜெட் வந்தது, 1971ல் ஜம்போ வந்தது. திரிபோலி போயிற்று, கராச்சி போயிற்று, கல்கத்தா போயிற்று. கட்டணம் இறங்க இறங்க இறங்கும் ஊர்களும் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் சிங்கப்பூரோ, பாங்காக்கோ, துபாயோ ஒன்றே ஒன்று பாக்கி. அந்த ஒன்றையும் ஒழிக்காமல் விடுவதில்லை என்று குவான்டாஸ் கங்கணம் கட்டிக்கொண்டது.

1989 ஆகஸ்டில் அதைச் செய்தும் காட்டினார்கள். புத்தம்புதிய 747-400. நானூறு பேர் போக வேண்டிய வண்டியில் ஊழியர்கள் உள்பட 23 பேர். ஜெர்மனியில் தனியாகத் தயாரித்த அடர்த்தியான எரிபொருள். ஹீத்ரோவில் ஓடுபாதை முனைவரை இயந்திரத்தைப் போடாமல் டிராக்டர் கட்டி இழுத்துப் போனார்கள். அந்த நாலு சொட்டு மிச்சம் பிடிக்க. 20 மணி 9 நிமிடம் 5 விநாடியில் சிட்னி. நிற்காமல் போகலாம், ஆள் ஏற்றாவிட்டால் என்று நிரூபணமாயிற்று. அதே விமானம் வயதாகி ஓய்வு பெற்றபோது 2015 மார்ச்சில் சிட்னிக்குத் தெற்கே ஓர் அருங்காட்சியகத்துக்குப் பறந்து போனது. கடைசிப் பயண நேரம் சுமார் பதினைந்து நிமிடம். அதற்கும் கூட்டம் கூடிக் கைதட்டியது.

2018ல் பெர்த்–லண்டன், இடையில் நிறுத்தமில்லை, பதினேழு மணி நேரம் சொச்சம். பெர்த்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது சிட்னிக்கு மூவாயிரம் கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருக்கிறது. 2019 நவம்பரில் ஒரு 787ல் ஐம்பது பேரளவில் ஏற்றி லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒத்திகை பார்த்தார்கள். 19 மணி 19 நிமிடம். இவர்களும் இரண்டு சூரியோதயம் பார்த்தார்கள். கொக்கலக்காரர்களுக்கு மரியாதையாக அந்தத் திட்டத்துக்கே ‘புராஜெக்ட் சன்ரைஸ்’ என்று பெயர். பயணிகள் உடம்பில் கருவி மாட்டி, எப்போது தூங்கினார்கள், எப்போது நடந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இப்போது இதற்கென்றே ஏர்பஸ் ஏ350-1000 ரகத்தில் பன்னிரண்டு விமானங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். 20,000 லிட்டருக்குக் கூடுதல் டாங்கி. 22 மணி நேரம் வரை தாங்கும். 2027ல் ஓடும் என்கிறார்கள். முந்நூறுக்கு மேல் ஆள் ஏற்றக்கூடிய விமானத்தில் இருக்கை 238தான். ஏனென்றால் அத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் மனிதனுக்குக் கால் மரத்துப்போகும், ரத்தம் கட்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே பிரீமியம் எகானமிக்கும் எகானமிக்கும் நடுவில் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். அங்கே போய் நிற்கலாம், காலை நீட்டலாம், தண்ணீர் குடிக்கலாம், ஏதாவது கொறிக்கலாம், முன்பின் தெரியாதவரிடம் இன்னும் எத்தனை மணி நேரம் என்று கேட்கலாம். ‘நல்வாழ்வு மண்டலம்’ என்று அதற்குப் பெயர். 1947ல் இதே வேலைகளுக்கு வைத்திருந்த இடத்தின் பெயர் கல்கத்தா. அங்கே தேநீரும் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்திருக்கும்.